இடதுபக்க ஜன்னல்

ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களுக்குத்தான் அந்த ஊர் விமான நிலையத்தின் பாடு புரியும். ஓடுதளம் விமானப்படையுடையது. கோபுரம் அவர்களுடையது, வேலி அவர்களுடையது, வேலிக்குள் முளைக்கிற புல்கூட அவர்களுடையதுதான். ஓரமாக ஒரு தகரக் கூரைக் கட்டடமும், அதன் முன்னால் இரண்டு விமானம் நிற்கிற அளவுக்குச் சிமென்ட் தளமும் மட்டும் ஊர்ச் சனங்களுக்கு. காலையில் ஒரு விமானம், மாலையில் ஒரு விமானம். அதுவும் வீட்டுக்காரர் குளித்து முடித்தபின் குடித்தனக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, போர் விமானங்கள் எல்லாம் பறந்து ஓய்ந்து இறங்கிய பிறகுதான். "இதில் என்ன கஷ்டம்?" என்று சொந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கேட்பார்கள். அவர்களோடு பேசிப் பயனில்லை.

வீட்டுக்காரர் போட்ட சட்டங்களில் ஒன்று ஜன்னல் சட்டம். விமானம் அந்த மண்ணில் நிற்கும்வரையும், கிளம்பி உயரே போகும்வரையும் பயணிகள் எல்லோரும் ஜன்னல் மறைப்பை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம் என்ன நிற்கிறது, எத்தனை நிற்கிறது என்று யாரும் பார்த்துவிடக் கூடாதாம். ஊரில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் அத்தனையும் தெரியும் என்பது வேறு கதை.

அந்தச் சட்டத்தைக் காப்பவர் மட்டைக்காரர். மட்டை என்றதும் குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தேநீரைத் தாண்டி எதையும் தொட்டதில்லை. வந்து நிற்கிற விமானத்துக்கு முன்னால் போய், இரண்டு கையிலும் ஆரஞ்சு நிற மட்டைகளைப் பிடித்துக்கொண்டு, இப்படி வா, அப்படித் திரும்பு, போதும் நில் என்று சைகை காட்டுவது அவர் வேலை. விமானம் கிளம்பும்போது இன்னொரு வேலை உண்டு. கதவை மூடியதும் விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பார். முதலில் வலதுபக்கம், பிறகு இடதுபக்கம். எந்த ஜன்னலாவது திறந்திருந்தால் அதைப் பார்த்து மட்டையை நேராக நீட்டுவார். முன்கதவின் கண்ணாடி வழியாகக் கவனித்துக்கொண்டிருக்கும் பணிப்பெண் ஓடிப்போய் மூடச் சொல்லுவாள். மறைப்பு முழுதாக இறங்கும்வரை நீட்டிய கையை இறக்கக் கூடாது. அதுதான் முறை.

அவர் கண்ணுக்கு ஒரு ஜன்னல் தப்பாது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. "வீட்டு ஜன்னலைத் திறந்தாக்கூட ஓடி வந்து மூடுவீங்க போல," என்று அவர் மனைவி கேலி செய்வாள். அவர் சிரிக்கவும் மாட்டார், பதில் சொல்லவும் மாட்டார். மனைவியிடம் நாலு பேர் முன்னால் சிரித்துப் பேசுவது, அவளோடு சேர்ந்தாற்போல் நடப்பது எல்லாம் அவருக்கு வராது. பாசம் இல்லை என்று அர்த்தமில்லை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத மனிதர், அவ்வளவுதான்.

அந்த மனைவிக்கு இதய வால்வு கெட்டுப்போயிற்று. தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், சாலை வழியாகப் போனால் உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். மகளோடு காலை விமானத்தில் இடம் போட்டார்கள். மட்டைக்காரருக்கு அன்று வேலை. மாற்று ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். கிளம்புவதற்கு முன் அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியின் கையில் கட்டினார். மாத்திரை போட நேரம் பார்க்க வேண்டும் அல்லவா. இளைத்துப்போன மணிக்கட்டில் அந்த ஆம்பளைக் கடிகாரம் வளையல் மாதிரி ஆடியது.

"நீங்க எங்க நிப்பீங்க?" என்று கேட்டாள்.

"எப்பவும் நிக்கிற இடத்துலதான்."

"நான் பார்ப்பேன்."

"ஜன்னலைத் திறக்கக் கூடாது," என்றார் அவர். வேறு என்ன சொல்லுவார்?

அவளுக்கு வலதுபக்க இருக்கை என்று அவருக்குத் தெரியும். கதவு மூடியதும் வலதுபக்கம் நடந்தார். அவள் வரிசை வந்ததும் கால் தானாக நின்றது. மறைப்பு மூடித்தான் இருந்தது. அந்த மூடிய ஜன்னலைப் பார்த்து, வாய்க்குள்ளேயே, "போய்ட்டு வா," என்றார். காதில் ஒலித்தடுப்பு மாட்டியிருந்ததால் அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை.  பிறகு இடதுபக்கம் வந்தார்.

இடதுபக்கம் பின்னால் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. கண்ணாடியில் வெயில் பட்டுப் பளபளத்ததால் உள்ளே இருப்பது யார் என்று தெரியவில்லை. அவர் தெரிந்துகொள்ளப் பார்க்கவும் இல்லை. பழகிய கை தானாக எழுந்து நீண்டது. மறைப்பு மெல்ல இறங்கியது. அது பாதி இறங்கி வெயிலை மறைத்தபோதுதான், கண்ணாடியின் அடியில் ஒட்டிவைத்த ஒரு கை தெரிந்தது. மணிக்கட்டில் அவருடைய கடிகாரம்.

அவர் கை நீட்டியபடியே நின்றது. மறைப்பு முழுதாக மூடிற்று. அதற்குப் பிறகு விமானிக்குச் சைகை காட்டியதும், விமானம் உருண்டு போனதும் அவருக்கு நினைவில்லை. அவள் அதற்குப் பிறகு ஊர் திரும்பியது அதே விமானத்தின் அடியில், சரக்குப் பகுதியில். விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் எடுக்கவில்லை. மட்டையைப் பிடித்து, இப்படி வா, இப்படி வா என்று அவரே அந்த விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

யாரோ ஒரு பயணி என்று நினைத்துத்தான் பெண்டாட்டியின் கடைசிப் பார்வையை மூடச் சொன்னோம் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் சொல்ல முடியுமா? "அம்மா அங்க ஆஸ்பத்திரியில..." என்று அவள் பேச்செடுத்தாலே எழுந்து போய்க் கழுவிய தம்ளரை மறுபடியும் கழுவுவார். அப்பாவால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது என்று மகளும் விட்டுவிட்டாள். ஒரே வீட்டில் இருவர், நடுவில் ஒரு சுவர். அவருக்கு மிச்சம் இருந்தது அந்தச் சிமென்ட் தளம் மட்டும்தான். தினமும் காலையில் அந்த இடத்தில் போய் நின்றால், அவளோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். தண்டனையா ஆறுதலா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஆனால் அது இல்லாமல் அவரால் இருக்க முடியாது.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் வீட்டுக்காரர் குடித்தனக்காரரைக் காலிசெய்யச் சொன்னார். விமானப்படைக்குப் புதிய விமானங்கள் வருகின்றனவாம், பயணிகள் விமானம் இனி தோதுப்படாதாம். வேறு விமான நிலையத்துக்குப் போய்க்கொள்ளுங்கள் என்றார்கள். அது பேருந்தில் அரை நாள் தூரம். ஊர் கொதித்தது. இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்ல மேலிடத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். நகர மண்டபத்தில் கூட்டம்.

மட்டைக்காரர் பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் முன்வரிசையில் இருந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள். ஊர்ச் சங்கத்தின் செயலாளர். ஒலிபெருக்கி ஊளையிட்டது, யாரோ அதன் தலையில் தட்டினார்கள், கூட்டம் தொடங்கியது.

ஊர்ச் சங்கத்தின் தலைவரான பாத்திரக்கடைக்காரர் முதலில் எழுந்தார். "நிலம் யாரு கொடுத்தது? எங்க தாத்தன் பாட்டன் கொடுத்தது. இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குன கதையால்ல இருக்கு!" என்று மேசையைத் தட்டினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

படைத்தளத்தின் பாதுகாப்பு அதிகாரி அமைதியாக எழுந்தார். நரைத்த மனிதர், குரலில் கடுமை இல்லை. "எங்க பையன் ஒருத்தன் எரிபொருள் தீர்ற நிலைமையில திரும்பி வந்தான். ஓடுதளத்துல பயணிகள் விமானம் டயர் வெடிச்சு நின்னுட்டிருந்தது. அவனால இறங்க முடியல. வயல்ல போய் விழுந்தான். இப்ப ஊன்றுகோலோட நடக்கிறான். உங்க மேல எனக்குக் கோபம் இல்லைங்க. ஆனா அவன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். மண்டபம் அடங்கிவிட்டது. பாத்திரக்கடைக்காரர்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி தொடர்ந்தார். "ரெண்டாவது, பாதுகாப்பு. எங்க தளத்தோட படம் ஒண்ணு எல்லார் கைபேசியிலயும் சுத்துது. ஜன்னல் வழியா எடுத்திருக்கலாம்னு சந்தேகம்."

விமான நிலைய மேலாளர் துள்ளி எழுந்தார். "அது மொட்டை மாடியில இருந்து எடுத்ததுங்க, துணிக்கொடியே தெரியுது! ஜன்னலா? எங்க மட்டைக்காரர் இருக்கிற வரைக்கும் ஒரு ஜன்னல்கூடத் திறந்து போகாது. இத்தனை வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தப்பினதா நீங்க காட்டுங்க, நானே பூட்டிச் சாவியைத் தர்றேன்." எல்லோரும் பின்னால் திரும்பி மட்டைக்காரரைப் பார்த்தார்கள். விசாரணை அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். பந்து ஊர்ப்பக்கம் உருண்டது.

அப்புறம் மகள் எழுந்தாள். எத்தனை நோயாளிகள், எத்தனை மாணவர்கள் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு வரி படித்தாள். பிறகு காகிதத்தை மடித்து வைத்துவிட்டாள்.

"எங்க அம்மாவைப் பத்திச் சொல்றேன்," என்றாள்.

 மட்டைக்காரருக்குக் கழுவுவதற்குத் தம்ளர் எதுவும் அங்கே இல்லை. எழுந்து போகலாம் என்றால் வழியெல்லாம் ஆட்கள்.

"அன்னைக்கு எங்களுக்கு வலதுபக்கம் சீட்டு. அம்மா உட்கார மாட்டேன்னு அடம். 'உங்கப்பா கடைசியா இடதுபக்கம்தான் வருவாரு, அங்கதான் கொஞ்சம் நிப்பாரு'ன்னு சொன்னாங்க. ஒரு புண்ணியவான் எழுந்து மாறிக் கொடுத்தார். கதவு மூடினதும் அம்மா மறைப்பைத் தூக்கிட்டாங்க. தப்புதான். நான் வேண்டாம்னேன், கேட்கல. அப்பா வந்தார். அம்மாவைப் பார்த்தார்."

அவள் நிறுத்தினாள். குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"பார்த்துட்டுக் கையைத் தூக்கினார். அந்த மட்டையோட, நேரா அம்மாவைப் பார்த்து. அதுக்குள்ள பணிப்பெண் வந்து மூடுங்கன்னு சொல்லிட்டாங்க. அம்மா மெதுவா மூடினாங்க. முழுசா மூடுற வரைக்கும் அப்பா தூக்கின கையை இறக்கவே இல்ல. அம்மா என் தோளைப் பிடிச்சு உலுக்கி, 'பார்த்தியாடி? நான் மறையிற வரைக்கும் கையை இறக்கலடி உங்கப்பா. ஊரு முன்னாடி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷன்!'னு சொல்லி, அழுறாங்களா சிரிக்கிறாங்களான்னே தெரியல. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரம்மா, நர்ஸு, ஊசி போட வந்த டாக்டர், ஒருத்தரை விடல. எல்லார்கிட்டயும் இதே கதைதான். ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப என்னைப் பார்த்துக் கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டே போனாங்க. கதவு மூடுற வரைக்கும் இறக்கல. அப்புறம் அவங்க வரல."

அவள் விசாரணை அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"எங்களுக்கு அந்த விமானம் சொகுசு இல்லீங்க. அதுல ஏறித்தான் போறோம். சில பேர் திரும்பி வர்றதில்ல. போறப்ப ஒரு முகத்தைப் பார்த்துட்டுப் போறோம். அதையும் எடுத்துக்காதீங்க," என்று சொல்லி உட்கார்ந்தாள்.

மட்டைக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சுக்குள் கல்லாய்க் கிடந்த ஒன்று இடம் மாறிற்று. அது இறங்கவில்லை, இன்னும் கனமாகிப் புரண்டது. மூடு என்று அவர் நீட்டிய கையை, போய் வா என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் அந்தப் பைத்தியக்காரி. அதை ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். அதையே கையில் பிடித்துக்கொண்டு செத்துப்போயிருக்கிறாள்.

பாதுகாப்பு அதிகாரி எழுந்தார். எழ மனமில்லாமல் எழுந்தது முகத்திலேயே தெரிந்தது.

"மன்னிக்கணும்மா. கேட்காம இருக்க முடியாது. ஒரு ஜன்னல்கூடத் திறந்து போனதில்லன்னு இப்பத்தான் மேலாளர் சொன்னார். நீங்க சொல்றதைப் பார்த்தா, ஜன்னல் திறந்திருக்கிறதை உங்க அப்பா பார்த்திருக்கார். மூடச் சொல்லாம கை அசைச்சிருக்கார். அவர் இங்க இருக்காரா?"

மகளின் முகம் வெளுத்துப்போயிற்று. தன் வாயாலேயே அப்பாவை மாட்டிவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "அப்படி இல்லீங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..." என்று எழுந்தாள். யாரும் கேட்கவில்லை. தலைகள் எல்லாம் தூண்பக்கம் திரும்பின.

மட்டைக்காரர் எழுந்து நின்றார். மேலாளர் இரண்டு வரிசை தாண்டி வந்து அவர் காதோரம் குனிந்தார். "மூடச் சொல்லித்தான் கை காட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லுய்யா. முடிஞ்சது விஷயம்."

ஒரு வார்த்தைதான். அதுவும் பொய்யில்லை, சத்தியமான வார்த்தை. அதைச் சொன்னால் வேலை நிலைக்கும், அந்தச் சிமென்ட் தளம் நிலைக்கும், மேலாளர் சொல் நிற்கும், ஊருக்கும் நல்லது. ஆனால் சொன்ன அந்த நொடியில், ஆஸ்பத்திரி நடையில் கையை நீட்டியபடி தள்ளுவண்டியில் போகிற ஒரு பெண் ஏமாந்தவளாகிவிடுவாள். அவள் கட்டில் கட்டிலாகச் சொன்ன கதை பொய்யாகிவிடும். ஒரு தடவை அவள் ஜன்னலை மூடியாகிவிட்டது. மறுபடியும் மூட வேண்டுமா?

"சொல்லுங்க பெரியவரே. திறந்த ஜன்னலைப் பார்த்தீங்களா?" என்று பாதுகாப்பு அதிகாரி கேட்டார்.

"பார்த்தேங்க."

"மூடச் சொல்லிச் சைகை காட்டினீங்களா?"

மேலாளர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இல்லீங்க," என்றார் மட்டைக்காரர். "என் பொண்டாட்டிக்குக் கை காட்டினேன்."

"உள்ளே யாருன்னு தெரிஞ்சேதானா?"

அந்தக் கேள்விதான் சுட்டது. தெரிந்திருந்தால்! 

"தெரிஞ்சுதாங்க. தெரியாம யாருக்காவது கை காட்டுவாங்களா?"

அதற்குமேல் அதிகாரி எதுவும் கேட்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. ஆனாலும் உத்தியோகம் உத்தியோகம்தான். உள்ளே நுழைவதற்கான அடையாள அட்டை படைத்தளம் கொடுப்பது. அதைத் திருப்பித் தரும்படி கேட்டார். மட்டைக்காரர் கழுத்திலிருந்து அதைக் கழற்றி, நாடாவைச் சுற்றி, பத்திரமாகக் கொடுத்தார். இனி அந்தத் தளத்தில் அவர் கால் படாது. விசாரணை அதிகாரி மறுபடியும் எழுதிக்கொண்டார், முடிவைப் பின்னால் அறிவிப்பதாகச் சொன்னார். பந்து எந்தப் பக்கம் உருண்டது என்பதைச் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். "ஜெயிக்கப்போற ஆட்டத்தைக் கெடுத்துட்டாரே மனுஷன்," என்று பாத்திரக்கடைக்காரர் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரைக் கடந்து போனார்.

மண்டபத்துப் படியில் அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். கூட்டம் கலைந்து வண்டிகள் போய்விட்டன. மகள் விசும்பி விசும்பி அழுதாள்.

"நானே உங்களை மாட்டிவிட்டுட்டேன்பா. ஊர்க் காரியத்தையும் கெடுத்துட்டேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்."

"விடும்மா."

"நீங்களாவது மாத்திச் சொல்லியிருக்கலாம்ல? மூடச் சொல்லித்தான் காட்டினேன்னு சொல்லியிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கம்மாவுக்குத் தெரியுமே," என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, எழுந்து போகாமல், தம்ளர் தேடாமல், அவராகவே கேட்டார். "அம்மா கையை எப்படி நீட்டினான்னு சொன்னே?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காட்டினாள். வலது கை. முழங்கை மடங்காமல், தோளுக்கு நேராக, விரல்கள் சேர்ந்து, அசைவே இல்லாமல். அது கை அசைப்பே இல்லை. அவர் அன்றாடம் நீட்டுகிற அதே நீட்டல், அச்சு மாறாமல் அப்படியே. அதைத்தான் அவள் பார்த்துக் கற்றுக்கொண்டு போயிருக்கிறாள்.

"அன்னைக்கு நெஜமாவே அம்மாவைப் பார்த்தீங்கல்லப்பா?"

அவர் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "கடிகாரம் கட்டின கையைப் பார்த்தேம்மா," என்றார்.

அப்போது மாலை விமானம் கிளம்பி, மண்டபத்துக்கு மேலே தாழ்வாக வந்தது. ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்கும், அவருக்குத் தெரியும். அவர் படியிலிருந்து எழுந்தார். மட்டை இல்லாத வெறுங்கையை நேராக அதை நோக்கி நீட்டினார். கண்ணீர் தாடையில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. அதைத் துடைக்கவும் அவர் கையை மடக்கவில்லை. விமானம் சின்னதாகி, புள்ளியாகி, மேகத்துக்குள் போயிற்று. அது முழுதாக மறையும்வரை அவர் கையை இறக்கவே இல்லை.